வெண்திரையின் வரவும் செலவும்

ஊரில் பணப்புழக்கம் குறைந்தால் மக்கள் முதலில் நிறுத்துவது பொழுதுபோக்கைத்தான் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 1998-ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அந்த நம்பிக்கை பாதிதான் உண்மை என்பதை என் தாய்மாமாவின் கணக்கு நோட்டு எனக்குக் காட்டியது.

நெகிரி செம்பிலானில், சிரம்பான் நகரை ஒட்டிய ரஹாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். மாமா மட்டும் இளவயதிலேயே தோட்டத்தை விட்டு வெளியேறி, நகரில் தமிழ்ப்படம் ஓட்டும் ஒரு திரையரங்கில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தார். பிறகு கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் விற்றார். கடைசியில் முதலாளிக்குக் கணக்கு எழுதும் பொறுப்பும் அவரிடம் வந்தது. என் படிப்புச் செலவில் ஒரு பங்கு அவர் சம்பளத்திலிருந்துதான் வந்தது. ஆகவே அந்த அரங்கு நிலைக்குமா, மூடப்படுமா என்பது எனக்கு வெறும் ஊர்ச்செய்தி அல்ல. அடுத்த பருவத்துக்கு நான் பதிவு செய்வேனா, மாட்டேனா என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது.

பொருளாதார மந்தக் காலத்தில் ஒரு திரையரங்கு எப்படித் தாக்குப்பிடிக்கிறது? மாமாவிடம் கேட்டறிந்ததையும் பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தோட்டத்துச் சம்பளமும் நகரத்து அரங்கும்

சிரம்பான் போன்ற நகரங்களில் தமிழ்ப்படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் தோட்டப்புற மக்களே. பால்வெட்டுத் தொழிலாளியின் கூலி ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. விலை ஏறினால் கையில் நாலு காசு கூடும், இறங்கினால் குறையும். மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிரும் மாதங்களில் பாலும் குறைவு. இவை அனைத்தும் அரங்கின் வசூலில் அப்படியே தெரியும். சம்பளம் போட்ட வாரக் கடைசியில் வாசலில் கூட்டம் நெரியும். மாதத்தின் நடுவில் இருக்கைகள் காற்று வாங்கும். “கித்தா விலை என்னன்னு பேப்பரைப் பார்த்துச் சொல்லு தம்பி, நாளைக்கு எத்தனை டிக்கெட் போகும்னு நான் சொல்றேன்” என்பார் மாமா.

இந்தப் பிணைப்பு இன்று நேற்று தோன்றியதன்று. உலகப் பெருமந்தத்தின்போது, 1932-ஆம் ஆண்டளவில், ரப்பர் விலை அடிமட்டத்துக்கு வீழ்ந்தது. 1930 தொடங்கி சில ஆண்டுகளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் அதே காலத்தில்தான், ஆண்டு 1931. படம் பேசத் தொடங்கிய வேளையில் பார்க்க வேண்டியவர்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள்.

அரங்குக்கு ஆள் வராவிட்டால் ஆள் இருக்கும் இடத்துக்கு அரங்கு போக வேண்டும். 1920-களில் சிங்கப்பூருக்கு வந்து தொழில் தொடங்கிய ஷா சகோதரர்கள், மலாயாவின் சிற்றூர்களுக்குப் படப்பெட்டியையும் திரையையும் எடுத்துச் சென்று காட்டியவர்கள். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டும் வழக்கம் எங்கள் பெற்றோர் காலம்வரை இருந்தது. பாய் விரித்து, குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, விடியற்காலைப் பெரட்டை மறந்து படம் பார்த்த கதையை அம்மா இன்றும் சொல்வார். 1963 டிசம்பரில் நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கி, பின்பு அது மெல்ல மெல்லத் தோட்டத்து லயங்களுக்கும் வந்து சேர்ந்தபோது அந்தத் திடல் காட்சிகள் அருகிப்போயின.

ஒரு டிக்கெட்டின் பயணம்

மந்தம் அரங்கை எப்படித் தாக்குகிறது என்பதை அறிய, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மாமா எனக்குப் பாடம் நடத்திய முறையில் ஒரு மாதிரிக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

டிக்கெட் விலை 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான கேளிக்கை வரியாக அதில் 1 வெள்ளி 20 காசு போகட்டும். மிச்சம் 4 வெள்ளி 80 காசு. அதில் பாதி விநியோகஸ்தருக்கு. அரங்குக்காரரின் கையில் நிற்பது 2 வெள்ளி 40 காசுதான்.

இப்போது செலவைப் பாருங்கள். வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம், வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து மாதம் 18,000 வெள்ளி. இந்தச் செலவுக்கு ஒரு குணம் உண்டு. அரங்கில் 500 பேர் இருந்தாலும் 5 பேர் இருந்தாலும் அது மாறாது. குளிர்சாதனப் பெட்டிக்கு ஆள் கணக்குத் தெரியாது அல்லவா?

மாதம் 8,000 பேர் வந்தால் வரவு 19,200 வெள்ளி. இலாபம் 1,200 வெள்ளி. கூட்டம் வெறும் 20 விழுக்காடு குறைந்து 6,400 பேர் ஆனால் வரவு 15,360 வெள்ளி. நட்டம் 2,640 வெள்ளி. ஐந்தில் ஒருவர் வராமல் போனதற்கே இலாபம் முழுவதும் மறைந்து, அதைப்போல் இரு மடங்குக்கு மேல் நட்டமும் வந்துவிட்டது. திரையரங்குத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதுதான். மக்கள் படம் பார்ப்பதை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. கொஞ்சம் குறைத்தாலே போதும், அரங்கு தள்ளாடும்.

அதே கணக்கில் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வரும் ஒவ்வொருவரும் தின்பண்டக் கடையில் செலவழிப்பதில் 50 காசு இலாபமாக அரங்குக்கு நின்றால், 6,400 பேருக்கு 3,200 வெள்ளி. நட்டம் மறைந்து 560 வெள்ளி மிஞ்சும்! தின்பண்டத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கு கிடையாது. படம் கூட்டத்தைக் கொண்டுவருகிறது. கச்சாங் பூத்தே வாடகையைக் கட்டுகிறது.

இரு பக்கமும் அடி

1997-ஆம் ஆண்டின் நடுவில் ஒரு அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 2.50 வெள்ளியாக இருந்த நம் நாணயம், 1998 ஜனவரியில் 4.88 வெள்ளிவரை சரிந்தது. 1998 செப்டம்பரில் அரசாங்கம் அதை 3.80 வெள்ளி என்று நிலைநிறுத்தியது. அவ்வாண்டு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 7.4 விழுக்காடு சுருங்கியது. செனவாங் தொழிற்பேட்டைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்த எங்கள் தோட்டத்து இளைஞர்களுக்கு மேலதிக நேர வேலை நின்றது. அந்த மேலதிக நேரப் பணம்தான் சனிக்கிழமை இரவுப் படத்துக்கான பணம்.

வரவு குறைந்தது மட்டுமன்று. சரக்கின் விலையும் ஏறியது. தமிழ்ப்படம் இறக்குமதிச் சரக்கு என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. நெருக்கடிக்கு முன் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 14 இந்திய ரூபாய் கிடைத்தது. நாணயம் நிலைநிறுத்தப்பட்ட பின் 11 ரூபாய்தான். 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு படத்தின் உரிமையை வாங்குவதாக வைத்துக்கொண்டால், முன்பு சுமார் 70,000 வெள்ளி போதும். பின்பு 90,000 வெள்ளி தேவை. படத்தில் ஒரு சண்டைக்காட்சிகூடக் கூடவில்லை. விலை மட்டும் 20,000 வெள்ளி கூடிவிட்டது.

போதாக்குறைக்கு, 1996-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ வீட்டுக்குள்ளேயே தமிழ் நிகழ்ச்சிகளைக் கொண்டுவந்தது. பசார் மாலாமில் திருட்டு விசிடி மலிவாகக் கிடைத்தது. 1985-ஆம் ஆண்டு மந்தத்தின்போது வீடியோ நாடா செய்ததை இப்போது வட்டு செய்தது. மந்தம் வரும்போது மக்கள் பொழுதுபோக்கை விட்டுவிடுவதில்லை. மலிவான பொழுதுபோக்குக்கு மாறுகிறார்கள் என்பதை இந்த இரு நிகழ்வுகளும் உணர்த்துகின்றன.

மாமாவின் நோட்டு

அந்த ஆண்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, “படிப்பை ஒரு வருசம் தள்ளிப்போட்டு வேலைக்குப் போகட்டுமா மாமா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கணக்கு நோட்டை எடுத்து என் முன் வைத்தார். “படிச்ச புள்ளதானே, நீயே பார்த்துச் சொல்லு” என்றார்.

நோட்டில் நான் கண்டவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, காட்சிகளைக் குறைத்தது. வார நாட்களில் பகல் காட்சி நிறுத்தப்பட்டது. ஒரு காட்சி குறைந்தால் குளிர்சாதனச் செலவும் குறையும்.

இரண்டாவது, படத்தை எடுக்கும் முறையை மாற்றியது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு தொகை என்று முன்கூட்டியே கொடுத்துப் படம் எடுப்பது ஒரு முறை. வசூலில் இத்தனை விழுக்காடு என்று பங்கு பிரிப்பது இன்னொரு முறை. நல்ல காலத்தில் முன்னது இலாபம். படம் நன்றாக ஓடினால் மிச்சமெல்லாம் அரங்குக்கே. கெட்ட காலத்தில் பின்னதுதான் பாதுகாப்பு. முதலாளி பின்னதற்கு மாறினார். விநியோகஸ்தரும் ஒத்துக்கொண்டார். அரங்கு மூடினால் அவருக்கும் படம் ஓட்ட இடமில்லையே!

மூன்றாவது, பழைய படங்கள். எம்.ஜி.ஆர், சிவாஜி படங்களைக் குறைந்த கட்டணத்தில் ஓட்டினார்கள். உரிமைத் தொகை சொற்பம். பார்க்க வரும் பெரியவர்களோ வீட்டில் விசிடி பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள்.

நான்காவது, சில்லறை வரவுகள். வாசலில் கச்சாங் பூத்தே விற்பவர் கொடுத்த இடவாடகை, இடைவேளையில் போடும் நகைக்கடை, துணிக்கடை விளம்பர ஸ்லைடுகள், மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கட்டணம். தனித்தனியே பார்த்தால் அற்பம். கூட்டிப் பார்த்தால் இரண்டு ஊழியர்களின் சம்பளம்.

ஐந்தாவதுதான் என்னை வியக்க வைத்தது. நோட்டில் சில தேதிகளுக்கு எதிரே ‘கோயில்’, ‘பள்ளி’ என்று எழுதி, ஒரே தொகை வரவாகியிருந்தது. “அது முழு ஷோ வித்தது” என்றார் மாமா. கோயில் திருப்பணிக் குழுவோ தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக் குழுவோ, ஒரு ஞாயிறு காலைக் காட்சியை ஒட்டுமொத்தமாகப் பேசி எடுத்துக்கொள்ளும். டிக்கெட்டுகளைத் தாங்களே வீடு வீடாகப் போய் விற்பார்கள். மிச்சம் நிதிக்குப் போகும். அரங்குக்கோ, எத்தனை பேர் வந்தாலும் பேசிய தொகை உறுதி. “சீட்டை விக்கிறவன் தினமும் பயந்துக்கிட்டு இருக்கணும் தம்பி. ஷோவை வித்தவன் ராத்திரி தூங்கலாம்” என்றார்.

இன்னொன்றும் நோட்டில் இருந்தது. ஊழியர் பதினொரு பேரில் ஒருவரையும் நிறுத்தவில்லை. எல்லாருக்கும் வேலை நாட்களைக் குறைத்துச் சம்பளத்தையும் குறைத்திருந்தார்கள். மாமாவின் பெயருக்கு எதிரேயும் குறைந்த தொகைதான் இருந்தது. எனக்கு அனுப்பும் பணம் மட்டும் ஒரு மாதமும் குறையவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். நோட்டை மூடினேன். படிப்பைத் தள்ளிப்போடும் பேச்சையும் அத்தோடு மூடிவிட்டேன்.

உலகம் கற்ற பாடம்

மாமாவின் அரங்கு செய்ததைத்தான் உலகின் பெரிய அரங்குகளும் வெவ்வேறு காலங்களில் செய்திருக்கின்றன. 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் வாரத்துக்கு ஏறத்தாழ 9 கோடியாக இருந்த டிக்கெட் விற்பனை 6 கோடியாகச் சரிந்தது. அரங்குக்காரர்கள் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். வாரத்தில் ஒரு நாள் வரும் பெண்களுக்குப் பீங்கான் தட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். முழுத் தட்டு வரிசையும் சேர வேண்டுமானால் ஒவ்வொரு வாரமும் வந்துதானே ஆக வேண்டும்! அதுவரை பல அரங்குகளில் அனுமதிக்கப்படாத பாப்கார்ன் உள்ளே நுழைந்ததும் அந்தக் காலத்தில்தான். ஆயினும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரங்குகளைக் கடன்பட்டு வாங்கிச் சேர்த்திருந்த பாரமவுண்ட் நிறுவனம் 1933-இல் திவாலானது. தட்டு கொடுத்த சிற்றரங்குகள் பல பிழைத்தன. கட்டியே தீர வேண்டிய கடனைச் சுமந்த பெருநிறுவனம் வீழ்ந்தது.

இதற்கு மாறாக, 2009-ஆம் ஆண்டு மந்தத்தின் நடுவே, வட அமெரிக்கத் திரையரங்குகளின் ஆண்டு வசூல் முதன்முறையாக 1,000 கோடி டாலரைத் தாண்டியது. வெளிநாட்டுச் சுற்றுலாவைக் கைவிட்ட குடும்பத்துக்குச் சினிமா மலிவான மகிழ்ச்சி. அதே காலத்தில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நூற்றுக்கணக்கான அரங்குகளைக் குத்தகைக்கு எடுத்து, மலேசியாவிலும் கால் பதித்த பிரமிட் சாய்மீரா நிறுவனம் நிலைகுலைந்தது. அது 2008-இல் பெருந்தொகைக்கு வாங்கி வெளியிட்ட ‘குசேலன்’ எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. மந்தம் எல்லா அரங்குகளையும் ஒரேபோல் தாக்குவதில்லை. வருமானம் நிச்சயமில்லாதபோது, பிறருக்கு நிச்சயமான தொகையை வாக்களித்தவர்களையே அது முதலில் வீழ்த்துகிறது.

2020-ஆம் ஆண்டு இதற்கெல்லாம் உச்சம். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் நாடு முழுவதும் திரைகள் இருண்டன. கூட்டம் குறைவது வேறு. கூட்டமே கூடாது என்பது வேறு. ஜூலையில் கதவுகள் திறந்தாலும் காட்டுவதற்குப் பெரிய படங்கள் இல்லை. சில அரங்குகள் பாப்கார்னை வீட்டுக்கு அனுப்பி விற்றன. ஊழியர்களைத் தக்கவைக்க அரசாங்கத்தின் ஊதிய மானியம் ஓரளவு உதவியது. தென்கொரியாவின் சி.ஜி.வி. அரங்குகள் பெரிய திரையில் வீடியோ கேம் விளையாட அரங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டன; அமெரிக்காவின் ஏ.எம்.சி. ஓர் அரங்கு முழுவதையும் ஒரு குடும்பமே எடுத்துக்கொள்ள வழிசெய்தது. முழு ஷோவை விற்பது! மாமாவின் நோட்டிலிருந்த அதே உத்தி. ஆயினும் நம் நாட்டின் பெரிய அரங்குத் தொடர்களில் ஒன்றான எம்.பி.ஓ. 2020 அக்டோபரில் கலைக்கப்பட்டது.

வளமும் கொல்லும்

மாமாவின் அரங்கு 1998-ஐத் தாண்டியது. 1999-ஐயும் தாண்டியது. நானும் பட்டம் பெற்றேன். ஆனால் சில ஆண்டுகள் கழித்து, ஊரில் பணம் மீண்டும் புரளத் தொடங்கிய ஒரு நல்ல காலத்தில், அந்த அரங்கு மூடப்பட்டது. நகரம் விரிந்தது, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகள் ஆயின, படம் பார்க்கும் இடம் பேரங்காடிக்குள் போனது. அரங்கு நின்ற நிலத்துக்கு நல்ல விலை வந்தது. முதலாளி விற்றுவிட்டார். மந்தத்தில் யாரும் கேட்காத நிலம், வளத்தில் வெண்திரையைவிட மதிப்புமிக்கதாகிவிட்டது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெருக்கடியில் பதினொரு பேரையும் காப்பாற்றியவர் அவர்தானே. சென்னை அண்ணா சாலையில் 1961-இல் தொடங்கிய சாந்தி திரையரங்கு 2016-இல் மூடப்பட்டதையும், அசோக் நகரின் உதயம் 2024-இல் மூடப்பட்டதையும் படித்தபோது மாமாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இன்று தமிழ்ப்படங்கள் பெரும்பாலும் பேரங்காடி அரங்குகளில்தான் ஓடுகின்றன. பல திரைகள் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் ஒரு படம் ஓடாவிட்டால் இன்னொரு படம் அரங்கைத் தாங்கிக்கொள்ளும். அரங்குக்கு அது பாதுகாப்பு. ஆனால் ஓடாத படத்துக்கு? அது சிறிய திரைக்கும் வசதியில்லாத நேரத்துக்கும் தள்ளப்படும். நட்சத்திரங்களின் படங்களுக்கு இது கவலையில்லை. தோட்டத்துச் சிறுமியின் கல்விக் கனவைச் சொன்ன ‘செம்மண் சாலை’ (2005), தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்களின் வாழ்வைச் சொன்ன ‘ஜகாட்’ (2015) போன்ற மலேசியத் தமிழ்ப்படங்களுக்குத்தான் கவலை. உள்ளூர்ப் படங்களைக் குறைந்தது இரண்டு வாரம் திரையிடக் கோரும் திட்டம் 2005-இல் வந்தது. ஆனால் காலி இருக்கைகளைச் சட்டம் நிரப்பாது.

தம்பி தங்கைகளே, நம் மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகின்றன, நாடகம் போடுகின்றன, நிதி திரட்டுகின்றன. அடுத்த முறை ஒரு மலேசியத் தமிழ்ப்படம் வெளியாகும்போது, முதல் வார இறுதியின் ஒரு காட்சியைக் கழகத்தின் பெயரில் முழுதாகப் பேசி எடுத்துப் பாருங்கள். அரங்குக்கு உறுதியான வரவு, படத்துக்கு நிறைந்த அரங்கு, கழகத்துக்கு நிதி. முன்னாள் மாணவர்களாகிய எங்களுக்கு டிக்கெட் விற்க வாருங்கள். நாங்கள் வாங்குவோம்.

மாமாவுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அந்த நோட்டு இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது. கடைசியாகப் பார்க்கப் போனபோது, ஒரு புதிய படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கதை என்ன, நடித்தவர் யார் என்று அவர் கேட்கவில்லை.

“எத்தனை பேர் இருந்தாங்க?” என்றுதான் கேட்டார்.